நெட் வரவில்லை என்றால், எங்கே வரவில்லை? வீட்டு நெட்வொர்க் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கும்பகோணம் சுற்றுவட்டாரத்தில் கேபிள் இழுப்பதும், அதன் முனையில் பிளக்கை அழுத்திப் பொருத்துவதும் (கிரிம்ப்), ரவுட்டர் மாட்டுவதும்தான் பல ஆண்டுகளாக என் பிழைப்பு. ஏணியில் நிற்கும்போதும், காபி டம்ளரைக் கையில் வாங்கும்போதும், கிளம்பலாம் என்று வண்டியை உதைக்கும்போதும் வீட்டுக்காரர்கள் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றேதான். அவரவர் கேட்ட விதத்திலேயே அவற்றை இங்கே வைத்திருக்கிறேன். மேலிருந்து கீழாகப் படியுங்கள். பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னவற்றின் மேல்தான் நிற்கின்றன.

வைஃபையும் இன்டர்நெட்டும் ஒன்றுதானே?

இல்லை. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்துவிட்டால் என்னைக் கூப்பிடும் வேலை பாதி குறைந்துவிடும். உங்கள் போனுக்கும் கூடத்தில் இருக்கும் ரவுட்டருக்கும் இடையே உள்ள கம்பியில்லா இணைப்புதான் வைஃபை. அது சில அடி தூரத்துச் சமாச்சாரம். ரவுட்டரிலிருந்து தெருக் கம்பம், அங்கிருந்து நெட் தரும் நிறுவனத்தின் அறை, பிறகு சென்னை, பிறகு கடல் என்று போவதுதான் இன்டர்நெட். மேல்தொட்டியிலிருந்து குளியலறைக்கு வரும் குழாய் எவ்வளவு நன்றாக இருந்தாலும், நகராட்சி தண்ணீர் திறந்துவிடாத நாளில் குழாயைத் திருகிப் பயனில்லை அல்லவா? அதுபோலத்தான்.

இன்டர்நெட் இல்லாவிட்டாலும் வீட்டு நெட்வொர்க் வேலை செய்யும். லைன் அறுந்த நாளிலும் போனிலிருந்து வைஃபை பிரிண்டருக்குத் தாள் அனுப்பலாம். இரண்டு கருவிகள் ஒன்றோடொன்று பேச முடிந்தால் அது நெட்வொர்க். அப்படிப்பட்ட நெட்வொர்க்குகள் கைகோத்துக்கொண்டதுதான் இன்டர்நெட். அதற்கு முன்னோடியான அர்ப்பாநெட்டில் 1969 அக்டோபர் 29 அன்று, லாஸ் ஏஞ்சலஸ் பல்கலைக்கழகத்திலிருந்து ஸ்டான்ஃபோர்டு ஆய்வகத்துக்கு 'லாகின்' என்று அடிக்கப் பார்த்தார்கள். 'எல்', 'ஓ' என்று இரண்டு எழுத்து போனதும் எதிர்முனைக் கணினி படுத்துவிட்டது. 'நெட் வரவில்லை' என்ற புகாருக்கு வயது அன்றிலிருந்தே கணக்கு.

மோடம், ரவுட்டர், சுவிட்ச் என்று ஏதேதோ சொல்கிறீர்கள். எங்கள் வீட்டில் ஒரே ஒரு வெள்ளைப் பெட்டிதான் இருக்கிறது. அது இவற்றில் எது?

எல்லாமும்தான். ஃபைபர் (கண்ணாடி இழைக் கேபிள்) வழியே வரும் ஒளியை மின்குறியாக மாற்றுவது ஒரு வேலை. அதைச் செய்யும் பகுதிக்கு ஓஎன்டி என்று பெயர். பழைய பழக்கத்தில் அதைத்தான் பலரும் மோடம் என்கிறார்கள். வீட்டு நெட்வொர்க்கையும் வெளி நெட்வொர்க்கையும் இணைத்து, எது எங்கே போக வேண்டும் என்று வழி பார்ப்பது ரவுட்டர். பின்பக்கம் இருக்கும் மூன்று, நான்கு துளைகள் சுவிட்ச். கம்பியில் வரும் கருவிகளை ஒன்றாகக் கோப்பது அதன் வேலை. கொம்பு மாதிரி நிற்கும் ஆன்டெனாக்கள் வைஃபைக்கு.

நான்கு ஆட்கள் ஒரே சட்டைக்குள் புகுந்துகொண்டதால் நமக்கு ஒரு ஆளாகத் தெரிகிறது. அலுவலகங்களில் இவை தனித்தனிப் பெட்டிகளாகவே இருக்கும். பழுது பார்க்கும்போது மனத்துக்குள் இவற்றைப் பிரித்துக்கொள்ளுங்கள். வைஃபை படுத்துவிட்டாலும் கம்பியில் இணைத்த கணினி ஓடுகிறது என்றால், ரவுட்டரும் வெளி லைனும் நலம் என்று பொருள்.

என் போனில் 192.168.1.5 என்று காட்டுகிறது. திருச்சியில் அண்ணன் போனிலும் அதே எண். இரண்டு பேருக்கும் எப்படி ஒரே முகவரி?

கதவு எண் 5 எல்லாத் தெருவிலும் இருக்கிறது. தெருவுக்குள் மட்டும் குழப்பம் வராமல் இருந்தால் போதும். 192.168 என்று தொடங்கும் ஐபி முகவரிகளும், 10 என்று தொடங்குபவையும், 172.16 முதல் 172.31 வரை உள்ளவையும் வீட்டுக்குள், அலுவலகத்துக்குள் புழங்குவதற்கென்றே ஒதுக்கப்பட்டவை. வெளியுலகில் அவை செல்லுபடியாகாது. வெளியே தெரிவது உங்கள் ரவுட்டருக்கு நிறுவனம் கொடுத்த வேறொரு முகவரி.

வீட்டுக்குள் பத்துக் கருவிகள், வெளியே ஒரே முகவரி. பதில் வரும்போது யாருக்கு என்று ரவுட்டருக்கு எப்படித் தெரியும்? மாணவர் விடுதிக் காப்பாளர் வைத்திருக்கும் பதிவேடு போல ரவுட்டரிடம் ஒரு பட்டியல் இருக்கிறது. இந்தப் போன் இந்தத் தளத்திடம் கேட்டது, அடையாள எண் இது என்று குறித்துக்கொண்டுதான் வெளியே விடும். பதில் வந்ததும் அந்த எண்ணைப் பார்த்து உரியவரிடம் சேர்க்கும். இதற்கு நாட் என்று பெயர். யாரும் கேட்காமல் வெளியிலிருந்து ஏதாவது வந்தால் பதிவேட்டில் பெயர் இருக்காது, வாசலோடு திருப்பி அனுப்பிவிடும். இதை நினைவில் வையுங்கள். சிசிடிவி கேள்வியில் திரும்பவும் வரும்.

இந்தச் சிக்கனம் தேவைப்பட்டதற்குக் காரணம், பழைய ஐபி முறையில் மொத்தமே சுமார் 429 கோடி முகவரிகள்தான். உலகப் பொதுக் கையிருப்பிலிருந்த கடைசித் தொகுதிகள் 2011 பிப்ரவரியில் பங்கிடப்பட்டுவிட்டன. புதிய முறையான ஐபிவி6-இல் முகவரிக்குப் பஞ்சமே இல்லை. ஆனாலும் பழையதும் புதியதும் இன்னும் பக்கத்தில் பக்கத்தில்தான் ஓடிக்கொண்டிருக்கின்றன.

அந்த எண்ணை யார் கொடுக்கிறார்கள்? நேற்று 5, இன்று 9 என்று மாறுகிறதே?

ரவுட்டர்தான் கொடுக்கிறது. போன் வைஃபையில் சேர்ந்ததும் 'எனக்கு ஒரு முகவரி வேண்டும்' என்று பொதுவாகக் கூவும். ரவுட்டரில் இருக்கும் டிஎச்சிபி என்ற ஏற்பாடு காலியாக உள்ள எண்ணில் ஒன்றை எடுத்து நீட்டும். சொந்தமாக அல்ல, குத்தகைக்கு. கெடு முடிவதற்குள் புதுப்பிக்காவிட்டால் அந்த எண் வேறொருவருக்குப் போய்விடலாம்.

போனுக்கு எண் மாறினால் யாருக்கும் கவலையில்லை. பிரிண்டருக்கு மாறினால்தான் வம்பு. 'பழைய எண் 14, புதிய எண் 27' என்று இரண்டு பலகை தொங்கும் வீட்டைத் தேடி அலையும் தபால்காரர் மாதிரி, கணினி பழைய எண்ணில் போய்க் கதவைத் தட்டிக்கொண்டிருக்கும். ரவுட்டர் அமைப்புப் பக்கத்தில் பிரிண்டருக்கென்று ஓர் எண்ணை நிலையாக ஒதுக்கிவிடுங்கள்.

மேக் முகவரி என்று இன்னொன்று போனில் இருக்கிறதே, அது எதற்கு?

ஐபி முகவரி வீட்டு எண் என்றால், மேக் முகவரி கருவியின் பிறவி மச்சம். தொழிற்சாலையிலேயே இட்டது, 12 இலக்கம். முன்பாதி தயாரிப்பாளரைக் காட்டும். ஒரே வீட்டுக்குள் கருவிகள் ஒன்றையொன்று அடையாளம் காண்பது இதை வைத்துத்தான். ரவுட்டரைத் தாண்டினால் இதற்கு வேலையில்லை.

ஆனால் இப்போதைய போன்கள் ஒவ்வொரு வைஃபைக்கும் ஒரு பொய் மச்சத்தைக் காட்டுகின்றன. கடைகடையாக நம்மைப் பின்தொடர முடியாமல் இருக்க இந்த ஏற்பாடு. ஆண்ட்ராய்டு 10, ஐஓஎஸ் 14 முதல் இதுவே இயல்பு. மகனுடைய போனை மேக் முகவரி வைத்துத் தடுத்தேன், மறுநாளே வந்துவிட்டது என்று சொல்லும் அப்பாக்களுக்கு இதுதான் பதில்.

ஒரு போட்டோ அனுப்பினால் அது அப்படியே முழுதாகவா போகிறது?

துண்டுதுண்டாகத்தான் போகிறது. ஒரு துண்டு, அதாவது பாக்கெட், பொதுவாக 1,500 பைட் வரைதான். 3 எம்பி போட்டோ என்றால் ஏறக்குறைய 2,000 துண்டுகள். ஒவ்வொன்றின் தலையிலும் அனுப்புநர், பெறுநர், வரிசை எண். வழியில் ஒன்று தொலைந்தால் அதை மட்டும் திரும்ப அனுப்பச் சொல்லி வாங்கி, அந்தப் பக்கம் அடுக்கிக்கொள்ளும். டிசிபி என்ற இந்த ஒழுங்குக்கு அடித்தளம் போட்டவர்கள் விண்டன் செர்ஃபும் ராபர்ட் கானும். அவர்களின் கட்டுரை வந்தது 1974-இல்.

வீடியோ அழைப்பில் அப்படித் திரும்பக் கேட்டு வாங்க நேரமில்லை. தொலைந்தது தொலைந்ததுதான் என்று அடுத்ததைக் காட்டிக்கொண்டே போகும். பேத்தியின் முகம் கட்டம் கட்டமாக உடைவது அதனால்தான்.

நான் பெயரைத்தான் அடிக்கிறேன், தளம் திறக்கிறது. பிறகு இந்த எண்ணெல்லாம் எதற்கு?

நீங்கள் பெயரை அடிக்கிறீர்கள். உங்கள் கருவி அதை எண்ணாக மாற்றிக்கொண்டுதான் கிளம்புகிறது. மாற்றித் தருவது டிஎன்எஸ், பால் மொக்கபெட்ரிஸ் 1983-இல் வடிவமைத்த ஏற்பாடு. வழக்கமாக உங்கள் நிறுவனத்தின் டிஎன்எஸ் சர்வரிடம் கேட்கும். அது சோம்பேறியாக இருந்தால் கூகுளின் 8.8.8.8, கிளவுட்ஃபிளேரின் 1.1.1.1 போன்றவற்றை ரவுட்டரில் எழுதி வைக்கலாம். தளங்கள் சட்டென்று திறக்கத் தொடங்கும். பதிவிறக்க வேகம் மட்டும் அதிகரிக்காது. 'டிஎன்எஸ் மாற்றினால் நெட் இரு மடங்கு' என்று வரும் வீடியோக்களை நம்ப வேண்டாம்.

தமிழிலேயே பெயர் எழுதலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை. தளத்தின் கடைசிப் பகுதியாக '.இந்தியா', '.இலங்கை', '.சிங்கப்பூர்' மூன்றும் தமிழ் எழுத்திலேயே இருக்கின்றன. உள்ளுக்குள் பிரவுசர் அதை ஆங்கில எழுத்தும் எண்ணும் கலந்த சங்கேதமாக மாற்றித்தான் டிஎன்எஸ்ஸிடம் கேட்கிறது. பதிவு செய்தவர்கள்தான் குறைவு.

100 எம்பிபிஎஸ் பிளான் போட்டிருக்கிறேன். பதிவிறக்கும்போது 12-தான் காட்டுகிறது. ஏமாற்றுகிறார்களா?

இந்த ஒரு விஷயத்தில் இல்லை. நிறுவனம் பிட்டில் விற்கிறது (எம்பிபிஎஸ் என்றால் நொடிக்கு இத்தனை மெகாபிட்), கணினி பைட்டில் காட்டுகிறது. 8 பிட் சேர்ந்தால் 1 பைட். 100-ஐ 8-ஆல் வகுத்தால் 12.5.

200 எம்பிபிஎஸ் பிளானுக்கு மாறினேன். கணினியைக் கம்பியில்தான் மாட்டியிருக்கிறேன். ஆனாலும் 94-ஐத் தாண்டவே மாட்டேன் என்கிறது.

94 என்ற எண்ணைக் கேட்டதுமே என் கை கிரிம்பிங் கருவியைத் தேடும். நெட்வொர்க் கேபிளுக்குள் நான்கு ஜோடி, மொத்தம் எட்டுக் கம்பிகள். 1,000 எம்பிபிஎஸ் போக நான்கு ஜோடியும் வேண்டும். 100 போக இரண்டு ஜோடி போதும். 100-க்குத் தேவைப்படாத மற்ற இரண்டு ஜோடியில் ஒரு கம்பி சரியாகப் பிடிக்காவிட்டாலும் இரு முனைக் கருவிகளும் சத்தமில்லாமல் 100-க்கு இறங்கிக்கொள்ளும். ஒவ்வொரு பாக்கெட்டின் தலையிலும் ஏறும் விவரங்கள் போக மிஞ்சுவது 94 சொச்சம். நெட் 'வருகிறது' என்பதால் யாரும் கேபிளைச் சந்தேகிப்பதில்லை. (ரவுட்டரின் துளையே 100-க்கு மேல் தாங்காத மலிவு வகையாகவும் இருக்கலாம். முதலில் அதைப் பார்த்துவிடுங்கள்.)

இதிலேயே இன்னொரு நுணுக்கம். கம்பிகளைச் சொருகும் வரிசை: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு. பச்சை ஜோடியின் நடுவே நீலம் புகுந்திருப்பதைப் பாருங்கள். புதிதாக வேலைக்கு வரும் பையன்கள் 'இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருந்தால் சரிதானே' என்று பச்சைக்குப் பக்கத்தில் பச்சை, நீலத்துக்குப் பக்கத்தில் நீலம் என்று அழகாக அடுக்கிவிடுவார்கள். சோதிக்கும் கருவியில் எட்டு விளக்கும் வரிசையாக எரியும். ஐந்து மீட்டருக்கு ஓடவும் செய்யும். முப்பது மீட்டருக்கு இழுத்தால் தள்ளாடும். காரணம், 3-ஆவது ஊசியும் 6-ஆவது ஊசியும் ஒரே ஜோடி. அந்த இரண்டிலும் ஒன்றோடொன்று முறுக்கிய கம்பிகளே இருக்க வேண்டும். இரைச்சலை அடித்து விரட்டுவது அந்த முறுக்குதான். 1881-இல் அலெக்சாண்டர் கிரகாம் பெல் தொலைபேசிக் கம்பிக்காகக் காப்புரிமை வாங்கிய உத்தி, இன்றைக்கும் நம் வீட்டுச் சுவருக்குள் வேலை செய்துகொண்டிருக்கிறது.

வைஃபை பட்டியலில் எங்கள் பெயரே இரண்டு காட்டுகிறது. ஒன்றின் வாலில் 5ஜி என்று இருக்கிறது. எதில் சேர வேண்டும்?

அந்த 5ஜி, கைபேசி நிறுவனங்கள் விற்கும் 5ஜி அல்ல. 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை என்பதன் சுருக்கம். ரவுட்டர் இருக்கும் அறையிலேயே இருந்தால் 5-இல் சேருங்கள், வேகம் அதிகம். இரண்டு சுவர் தாண்டி இருந்தால் 2.4, அது மெதுவாக ஓடும், ஆனால் சுவரைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும்.

2.4-இன் கஷ்டம் கூட்டம். ஒன்றோடொன்று மோதாத தடங்கள் அதில் மூன்றுதான்: 1, 6, 11. அடுக்குமாடியில் இருபது வீட்டு ரவுட்டர்களும் அந்த மூன்றுக்குள்தான் நெருக்கியடிக்க வேண்டும். மைக்ரோவேவ் அடுப்பும் ஏறக்குறைய அதே அலைவரிசையில்தான் வேலை செய்கிறது. வைஃபையில் ஒரு தடத்தில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேசலாம். மூலையில் தடுமாறும் பழைய போன் ஒன்று தன் முறை வரும்போது இழுத்து இழுத்துப் பேசினால், மற்றவர்களும் காத்திருக்க வேண்டியதுதான்.

ரவுட்டரை வைக்கும் இடம் பற்றி எனக்குக் கொஞ்சம் கோபமே உண்டு. 'அசிங்கமாக இருக்கிறது' என்று தொலைக்காட்சிக்குப் பின்னால் ஒளித்துவைப்பார்கள், அல்லது ஸ்டீல் பீரோவுக்கும் சுவருக்கும் இடையே சொருகுவார்கள். இரும்பு அலையைத் தாண்ட விடாது, தண்ணீர் விழுங்கிவிடும். நிறையத் தண்ணீர் உள்ள நம் உடம்பும் அப்படித்தான், கல்யாண வீட்டில் சிக்னல் குறைவது உங்கள் கற்பனையில்லை. வீட்டின் நடுவில், ஆள் உயரத்துக்கு மேல், திறந்த இடத்தில் வையுங்கள். பெட்டியே மாற்ற வேண்டும் என்று என்னிடம் சொன்ன பலருக்கு நான் மாற்றியது இடத்தை மட்டும்தான்.

பெட்டியில் சிவப்பு விளக்கு எரிகிறது. அணைத்துப் போட்டும் பார்த்துவிட்டேன். பெட்டி போய்விட்டதா?

அநேகமாகப் பெட்டி நலம். அந்த விளக்குக்குப் பொருள் 'எனக்கு ஒளி வந்து சேரவில்லை' என்பது. ஃபைபரின் உள்ளே இருக்கும் கண்ணாடி இழை 125 மைக்ரான் தடிமன். அதிலும் ஒளி ஓடும் நடுப்பகுதி சுமார் 9 மைக்ரான்தான். டீ டம்ளரைச் சுற்றி வளைக்கும் அளவுக்கு மேல் நெருக்கி மடித்தால் ஒளி வளைவிலேயே வெளியே கசிந்துவிடும். கதவிடுக்கில் நசுங்குவது, அணில் கடிப்பது, வீடு பெருக்கும்போது கட்டிலுக்கடியில் சுருட்டித் தள்ளுவது, இவைதான் வழக்கமான குற்றவாளிகள். நாங்கள் சிவப்பு ஒளிப் பேனா ஒன்றை முனையில் சொருகுவோம். எங்கே உடைந்திருக்கிறதோ அங்கே உறைக்குள்ளிருந்து மிளகாய்ப்பழம் போலச் சிவந்து காட்டும். உண்மையில் வேலை செய்யும் ஒளி கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு. அதனால் கழற்றிய முனையைக் கண்ணருகே கொண்டுபோய் உற்றுப் பார்க்காதீர்கள்.

நாங்கள் 'பவர் எவ்வளவு' என்று கேட்பது மின்சாரத்தை அல்ல, இந்த ஒளியின் பலத்தை. மைனஸ் 20 என்று காட்டினால் ஒரு மில்லிவாட்டில் நூறில் ஒரு பங்கு. இன்னும் 3 இறங்கினால் அதிலும் பாதி. மைனஸ் 27-ஐ ஒட்டி வந்துவிட்டால் இணைப்பு விட்டுவிட்டு வரும். ஜிபான் என்ற ஃபைபர் முறையில் நொடிக்கு சுமார் 2.5 கிகாபிட் கொண்டுவரும் ஒரே இழையை, மின்சாரமே தேவைப்படாத ஸ்ப்ளிட்டர் ஒன்று 32 அல்லது 64 வீடுகளுக்குப் பிரிக்கிறது. இரவு ஒன்பது மணிக்கு எல்லா வீட்டிலும் திரை ஓடும்போது மட்டும் உங்களுக்கு வேகம் குறைந்தால், இந்தப் பங்கீட்டையோ அதற்கு மேலே உள்ள நிறுவனத்தின் வழியையோதான் சந்தேகிக்க வேண்டும்.

சிக்னல் கோடு முழுதாக இருக்கிறது, எதுவுமே திறக்கவில்லை. என்ன செய்வது?

முதல் கேள்விக்கான பதிலை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். அந்தக் கோடுகள் ரவுட்டர் வரைக்கும்தான் உத்தரவாதம். இனி, அறுந்த இடத்தைப் படிப்படியாகத் தேட வேண்டும். முதலில் உங்கள் ஐபி முகவரியைப் பாருங்கள். 169.254 என்று தொடங்கினால் டிஎச்சிபி பதில் தரவில்லை, கருவி தானே ஓர் எண்ணை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. கோளாறு வீட்டுக்குள்.

முகவரி சரியாக இருந்தால், கணினியின் கட்டளைத் திரையில், எதிர்முனை பதில் தருகிறதா என்று கேட்கும் பிங் கட்டளையோடு ரவுட்டரின் எண்ணை அடியுங்கள், பெரும்பாலும் 192.168.1.1. பதில் வந்தால் வைஃபை நலம். அடுத்து 8.8.8.8. அதற்கும் பதில் வந்தால் வெளி லைனும் நலம், டிஎன்எஸ்தான் தூங்குகிறது. மேலே சொன்னபடி மாற்றுங்கள். 192.168.1.1 பதில் தந்து 8.8.8.8 தராவிட்டால், ரவுட்டரை ஒருமுறை அணைத்துப் போடுங்கள், சிவப்பு விளக்கைப் பாருங்கள், பிறகு நிறுவனத்துக்குப் போன் செய்யுங்கள். 'ரவுட்டர் வரை பிங் போகிறது, அதற்கு மேல் போகவில்லை' என்று சொல்லிப் பாருங்கள். எதிர்முனையில் பேசுகிறவரின் குரலே மாறும்.

மாடிக்கு சிக்னல் இல்லை என்று பழைய ரவுட்டரைக் கம்பி இழுத்து மாட்டினேன். அன்றிலிருந்து வீடு முழுக்கத் தகராறு.

பழைய ரவுட்டரும் தன்னைத்தான் வீட்டுத் தலைவர் என்று நினைத்துக்கொண்டிருக்கிறது. இரண்டுக்கும் முகவரி 192.168.1.1. இரண்டும் டிஎச்சிபி வழியே எண்களை வாரி வழங்குகின்றன. ஒரே வீட்டில் இரண்டு பேர் டோக்கன் கொடுத்தால் வரிசை என்ன ஆகும்? சில போன்கள் வெளி லைனே இல்லாத மாடி ரவுட்டரை வாசல் என்று நம்பி அங்கேயே முட்டிக்கொண்டு நிற்கும்.

தீர்வு எளிது. பழைய ரவுட்டரைத் தனியாகக் கணினியில் மாட்டி, அதன் முகவரியை 192.168.1.2 என்று மாற்றுங்கள். அந்த எண் வேறு யாருக்கும் போகாமல் கீழ் ரவுட்டரில் ஒதுக்கிவையுங்கள். பழையதில் டிஎச்சிபியை நிறுத்துங்கள். பிறகு கீழிருந்து வரும் கம்பியை அதன் லேன் (வீட்டுப் பக்கத்து) துளையில் சொருகுங்கள். வேறு நிறத்தில் தனியாக நிற்கும் வேன் (வெளி லைன்) துளையில் அல்ல. இப்போது அது ரவுட்டர் பதவியை விட்டுவிட்டு, சுவிட்சாகவும் வைஃபையாகவும் மட்டும் உழைக்கும். வைஃபை பெயரும் கடவுச்சொல்லும் கீழே உள்ளதையே வைத்தால் போன்கள் தாமாக மாறிக்கொள்ளும்.

கடையில் சுவிட்ச் விளக்கெல்லாம் ஒரே தாளத்தில் மின்னுகிறது, ஒரு கணினியும் வேலை செய்யவில்லை. வைரஸா?

இதைக் கேட்டது ஒரு ஜவுளிக்கடைக்காரர், தீபாவளிக்குப் பத்து நாள் முன்பு. பில் போடும் கணினிகள் அனைத்தும் நின்று, வரிசை வாசல் தாண்டிவிட்டது. வைரஸ் இல்லை. தரையைத் துடைத்தவர் ஒரு கேபிள் முனை தொங்குவதைப் பார்த்து, பாவம் விழுந்துவிட்டது என்று காலியாக இருந்த துளையில் சொருகிவிட்டார். அதன் மறுமுனையும் அதே சுவிட்சில்தான் இருந்தது.

டிஎச்சிபி கேள்வி போலப் 'பொதுவாகக் கூவும்' பாக்கெட்டை சுவிட்ச் எல்லாத் துளைகளுக்கும் அனுப்பும். வளையம் இருந்தால் அது சுற்றி வந்து தன்னிடமே சேரும். புதிதாக வந்தது என்று நினைத்து மறுபடி எல்லாருக்கும் அனுப்பும். சில நொடிகளில் அந்தக் கூச்சல் தவிர வேறு எதற்கும் இடமிருக்காது. வளையத்தைக் கண்டுபிடித்து ஒரு துளையை மூடிவைக்கும் முறையை 1985-இல் ராடியா பெர்ல்மன் உருவாக்கினார். அதைப் பற்றி ஒரு குட்டிக் கவிதையும் எழுதினார். விலை அதிகமான சுவிட்சுகளில் அந்த அறிவு உண்டு. கடைகளில் கிடைக்கும் எட்டுத் துளைச் சின்னப் பெட்டிகளில் பெரும்பாலும் இல்லை. ஒவ்வொரு கேபிளாகப் பிடுங்கிப் பாருங்கள், எதைப் பிடுங்கும்போது மின்னல் அடங்குகிறதோ அதுதான்.

வீட்டில் இருக்கும்போது சிசிடிவி தெரிகிறது. வெளியூர் போனால் தெரியவில்லை. போர்ட் எல்லாம் திறந்துவிட்டேன்.

கேட்காமல் வருவதை ரவுட்டர் திருப்பி அனுப்பும் என்று நாட் பற்றிய பதிலில் சொன்னேன். போர்ட் திறப்பது என்றால் 'இந்த எண்ணைச் சொல்லி வருபவரை டிவிஆரிடம் (கேமராப் பதிவுப் பெட்டி) அனுப்பு' என்று ரவுட்டரிடம் எழுதி வைப்பது. அது உங்கள் வாசலில் மட்டும்தான் செல்லும். இப்போது பல நிறுவனங்கள் முகவரிப் பஞ்சத்தால் தம் பக்கத்திலும் ஒரு பெரிய நாட் வைத்திருக்கின்றன. தெருமுனையில் இன்னொரு பூட்டிய வாசல். அதன் பதிவேடு உங்கள் கையில் இல்லை. ரவுட்டரின் நிலைப் பக்கத்தில் வேன் முகவரி 100.64 முதல் 100.127 வரையிலான எண்ணில் தொடங்கினால் நீங்கள் அந்த வாசலுக்குள் இருக்கிறீர்கள்.

வழி இரண்டு. நிறுவனத்திடம் தனி நிலை முகவரி விலைக்கு வாங்கலாம். அல்லது டிவிஆர் தயாரிப்பாளரின் செயலியைப் பயன்படுத்தலாம். அதில் டிவிஆரே வெளியே போய் ஒரு சர்வரிடம் இணைப்பைத் திறந்து வைத்துக்கொள்வதால் நாட் தடுக்காது. எதைச் செய்தாலும் டிவிஆரோடு வந்த கடவுச்சொல்லை அன்றே மாற்றுங்கள். 2016-இல் மிராய் என்ற தீநிரல், தொழிற்சாலைக் கடவுச்சொல்லோடு கிடந்த கேமராக்களையும் டிவிஆர்களையும் லட்சக்கணக்கில் பிடித்து அடியாட்களாக்கியது. அவ்வாண்டு அக்டோபரில் அவற்றை வைத்து டின் என்ற டிஎன்எஸ் நிறுவனத்தைத் தாக்கியதில் அமெரிக்காவில் பெரிய தளங்கள் பல மணி நேரம் திறக்கவில்லை.

வைஃபை பெயரை மறைத்து வைத்தால் பாதுகாப்புதானே? மறைநிலைச் சாளரத்தில் (இன்காக்னிடோ) பார்ப்பது யாருக்கும் தெரியாதுதானே?

இரண்டுக்கும் இல்லை. பெயரை மறைத்தாலும் உங்கள் போன் இணையும்போது அந்தப் பெயரைச் சொல்லித்தான் கேட்கும். காது வைத்தவனுக்குக் கேட்கும். நீளமான கடவுச்சொல்லும் டபிள்யூபிஏ2 அல்லது டபிள்யூபிஏ3 என்ற வைஃபைப் பூட்டு அமைப்பும் போதும். வீட்டு போன் எண்ணைக் கடவுச்சொல்லாக வைக்காதீர்கள், எதிர்வீட்டுப் பையன் முதலில் அடித்துப் பார்ப்பது அதைத்தான். மறைநிலைச் சாளரம் உங்கள் கணினியில் தடத்தை வைக்காது, அவ்வளவே. பூட்டுக் குறி உள்ள தளத்தில் என்ன படித்தீர்கள் என்பது நிறுவனத்துக்குத் தெரியாது. எந்தத் தளத்துக்குப் போனீர்கள் என்பது பொதுவாகத் தெரியும்.

ஐப்பசி இடியில் ரவுட்டர் புகைந்துவிட்டது. பிளக்கைப் பிடுங்கித்தானே வைத்திருந்தேன்?

மொட்டைமாடி வழியே தம்பி வீட்டுக்கு ஒரு செம்புக் கேபிள் போகிறதே, அதைப் பிடுங்கவில்லை. அருகே இடி விழுந்தால் அந்த நீளக் கம்பியில் மின்னழுத்தம் தூண்டப்பட்டு நேராகத் துளைக்குள் இறங்கும். வீடு விட்டு வீடு போவதற்கு ஃபைபர்தான் சரி, கண்ணாடியில் மின்சாரம் ஓடாது. ஒன்று கவனியுங்கள்: தெரு ஃபைபர்களில் தாங்குவதற்காக ஓர் இரும்புக் கம்பி கூடவே வரும். வீட்டுக்குள் நுழையும் முன்பே அதை வெட்டி ஒதுக்கிவிட்டார்களா என்று பாருங்கள்.

300 எம்பிபிஎஸ் எடுத்தும் பையன் விளையாட்டில் பிங் அதிகம் என்று புலம்புகிறான். இன்னும் பெரிய பிளான் போட வேண்டுமா?

வேண்டாம். எம்பிபிஎஸ் என்பது சாலையின் அகலம், பிங் என்பது போய்வரும் நேரம். சாலையை அகலப்படுத்தினால் சிங்கப்பூர் பக்கத்தில் வந்துவிடாது. கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்கு சுமார் 2 லட்சம் கிலோமீட்டர்தான் போகும். சென்னையையும் சிங்கப்பூரையும் 2002 முதல் இணைக்கும் ஐ2ஐ கடலடிக் கேபிளின் நீளம் ஏறக்குறைய 3,200 கிலோமீட்டர். போக 16 மில்லி விநாடி, வர 16. விளையாட்டு சர்வர் சிங்கப்பூரில் இருந்தால் 32-க்குக் கீழே காட்டுவது இந்த வழியில் நடக்காது. இதற்கு வருத்தப்படுபவர்கள் அந்தமான்காரர்களை நினைத்துக்கொள்ளலாம். சென்னையிலிருந்து சுமார் 2,300 கிலோமீட்டர் கடலடிக் கேபிள் 2020 ஆகஸ்டில் அங்கே போய்ச் சேரும்வரை அவர்களுக்குச் செயற்கைக்கோள்தான். 35,786 கிலோமீட்டர் மேலே ஏறி இறங்கி, மறுபடி ஏறி இறங்க அரை விநாடி ஆகிவிடும்.

பையனுக்கு 40 காட்டினால் அவன் புலம்பலைக் காதில் வாங்காதீர்கள். இரவில் மட்டும் 150, 200 என்று எகிறினால் கோளாறு பெரும்பாலும் வீட்டுக்குள்தான் இருக்கிறது. யாரோ பெரிதாக எதையோ மேலே ஏற்றுகிறார்கள். அந்தப் பாக்கெட்டுகள் ரவுட்டரில் வரிசை கட்டி நிற்க, விளையாட்டின் சிறு பாக்கெட் அவற்றின் பின்னால் காத்திருக்கிறது. முதலில் கணினியை வைஃபையிலிருந்து கம்பிக்கு மாற்றிப் பாருங்கள். அதற்கும் அடங்காவிட்டால் எல்லார் போனையும் வாங்கிப் பாருங்கள். போன மாதம் நான் பார்த்த வீட்டில் அது தாத்தாவின் போன். நாலாயிரம் 'காலை வணக்கம்' படங்களை அது தினமும் இரவு எட்டு மணிக்கு மேகத்தில் ஏற்றிக்கொண்டிருந்தது.